பின் யன்னல்

வெள்ளிக்கிழமை இரவு பத்து மணி.
பனி கொட்டுற ஏதோ ஒரு ஊரில
ஒரு வீட்டுச் சீலிங்குக்கு மேல
ஒருத்தன் ஐஞ்சு மாசம் இருந்திருக்கிறான்.

தமிழ்க் குரல் குடுத்தவருக்கு எல்லாமே அதிர்ச்சி.
‘அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது’ என்கிறார்.
சீமெந்து விளம்பரம் போகுது.
திரும்பி வந்து
‘அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது.’

பால் குறைஞ்சிருக்கு.
மனிசி புருசனைச் சந்தேகப்பட்டிருக்கிறாள்,
புருசன் பூனையை.

கபிஷனா காலைத் தூக்கிக் கதிரையில மடக்குறாள்.
‘அம்மா, எங்கட வீட்டில ஆரும்…’
எங்கட வீட்டில சீலிங் இல்லையடி.
வீட்டுத்திட்டக் காசு கூரையோட முடிஞ்சுது.
படுத்தா ஓடு தெரியும்,
ஓட்டில பல்லி தெரியும்.
பல்லிக்கே ஒளிக்க இடமில்லை.
சிரிச்சாள். நானும்.

பொலிஸ் ரோர்ச் அடிக்குது.
அவன் கையால முகத்தை மறைக்கிறான்.
பக்கத்தில ஒரு போர்வை, பிஸ்கட் பேப்பர்,
அந்த வீட்டுப் பிள்ளையின்ர
சப்பாத்து.

தேவிபுரம். இரண்டாயிரத்து ஒன்பது, மாசி.
முன்கதவில ஆமைப்பூட்டுத் தொங்கினது.
வருவம் எண்டு நினைச்சவைதான் பூட்டுவினம்.
அண்ணாவுக்குக் கையில கட்டு.
எல்லாரிலயும் மெலிஞ்சவள் நான், பதினேழு வயசு.
மேசைக்கத்தியால கொண்டியை நெம்பி
பின் யன்னலால உள்ள இறங்கினது
நான்தான்.

பதினொரு பேர், பதின்மூண்டு நாள்.
முதல் நாள் அலுமாரி திறக்கேல்லை,
அதையும் சொல்ல வேணும்.
மூண்டாம் நாள் திறந்தம்.
தேர்ச்சி அறிக்கை ஒண்டு:
கு. பகீரதி, தரம் எட்டு, கணிதம் நாற்பத்தொண்டு,
கவனம் போதாது.
அவளின்ர செருப்பு
எனக்கு அரை விரல் சின்னன்.

சுவரில அவையளின்ர படம்.
ஐஞ்சு பேர், பின்னால ஸ்ரூடியோ நீர்வீழ்ச்சி.
நாங்கள் சாப்பிடேக்க பாத்துக்கொண்டே இருந்தினம்.
அம்மா எழும்பிப் போய்
படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப்போட்டு வந்து
சோறு போட்டா.
அவையளின்ர அரிசி.

அரைவாசி இருந்த சீனி கால்வாசி ஆச்சு.
ரின் மூடியை மட்டும்
ஒவ்வொரு தரமும் இறுக்கி மூடினம்,
அவை வரேக்க எறும்பு இருக்கக்கூடாதெண்டு.

செல் கிட்டடியில விழத் தொடங்க
அறைக் கதவைக் கழட்டி
பங்கருக்கு மேல போட்டு மண் அடுக்கினம்.
கதவின்ர உள்பக்கம் சோக்கால ஏழாம் வாய்ப்பாடு.
என்ர முகத்துக்கு நேர, ஒரு முழ உயரத்தில
ஏழெட்டு ஐம்பத்துநாலு.
பிழை.
விளக்கு நூந்த பிறகும்
ஒவ்வொரு செல்லுக்கும் நான் திருத்தினன்,
ஏழெட்டு ஐம்பத்தாறு,
ஏழெட்டு ஐம்பத்தாறு,
வேற தேவாரம் எனக்கு அப்ப வரேல்லை.

பதினாலாம் நாள் விடியமுன்னம் வெளிக்கிட்டம்.
செருப்பு என்ர காலில.
படத்தைத் திரும்ப நேராக்கினமோ தெரியாது.
அம்மாவைக் கேக்கலாம் எண்டால்
அம்மா மாத்தளனுக்கு அங்கால வரேல்லை.

போன வருசம் முல்லைத்தீவு பஸ்ஸால
சும்மா இறங்கினன்.
புது வீடு, நீலக் கேற்.
ஒரு பொம்பிளை வந்து ‘ஆரைத் தேடுறியள்?’ எண்டா.
‘வள்ளிபுனத்துக்கு இதால போகலாமே?’
தெரிஞ்ச பாதைதான்.
அவ கைநீட்டிக் காட்டினா.
நான் அவவின்ர காலைப் பாத்தன்.
பாட்டா போட்டிருந்தா. அளவு மட்டுக்கட்டேலாமப் போச்சு.

ரீவியில அந்த வீட்டுக்காரி அழுறாள்.
‘நாங்கள் சிரிச்சதெல்லாம் கேட்டிருக்கிறான்.’
அவனுக்கு நாலு வருசம்.
அடுத்த கிழமை வேற வீடு.

கபிஷனா நிப்பாட்டுறாள்.
‘பின் யன்னல் பூட்டினனீங்களே?’
பூட்டினன்.
எழும்பிப் போய் இன்னொருக்கால் பாக்கிறன்.
நல்ல கொண்டிதான்.
மேசைக்கத்தி எண்டால் நாலு நிமிசம்,
கை நடுங்காட்டி.